வெள்ளிக்கிழமை வரைக்கும்

முதலில் தலையணையைப் புரட்டிப் பார்க்கிறார். நோயாளியின் முகமெல்லாம் அப்புறம்தான். உறையின் மேல்பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தால் ரத்னாபாய்க்கு அது போதாது. கறை பட்ட பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நிற்கிற வீட்டாரை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ராத்திரி ஈறிலிருந்து கசிந்த திட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார். பிறகு இடுப்பில் செருகியிருக்கும் சின்ன டார்ச்சை எடுத்து, கட்டைவிரலால் நோயாளியின் உதட்டைத் தூக்கி, "ஆ செல்லு மக்ளே" என்பார். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அவருக்கு மக்ளேதான்.

அடுத்தது முழங்காலுக்குக் கீழே. கணுக்காலைச் சுற்றிக் குண்டூசி முனையளவு சிவப்புப் பொட்டுகள் தெரிந்தால், ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தை அதன்மேல் வைத்து அழுத்துவார். "அமுக்கினா மறைஞ்சா கொசு. மறையல்லெங்கி கொசு இல்லே" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். கொசு இல்லையென்றால் வேறு என்ன என்று சொல்லமாட்டார். தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அது எங்களுக்கும் தெரியும். அந்த நிமிஷத்தில் அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு மூத்த நர்ஸ் இந்த ரத்னாபாய். சொந்த ஊர் தெற்கே, தக்கலைக்குப் பக்கம். வயது நாற்பத்தைந்து இருக்கலாம், கேட்டால் "அது எதுக்கு, பெண்ணு பாக்க வந்தீயளா?" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேமத்தில் தங்கை வீட்டில் ஜாகை. குள்ளமான, உறுதியான உடம்பு. கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் வெள்ளைப் புடவை. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடை மழைக்காக மட்டும் என்று நினைத்தீர்களானால் ஏமாந்து போவீர்கள். இருமிக்கொண்டே நோயாளியைப் பார்க்க வருகிற உறவுக்காரர்களை வாசலிலேயே குறுக்கே நீட்டி நிறுத்துவதற்கும் அதுதான். "சளி இருந்தா தூரெ நில்லும். பாசத்தை அங்கெ நிண்ணே காட்டலாம்." திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த எங்கள் பெரியப்பாவை அப்படித்தான் திருப்பி அனுப்பினார். பெரியப்பா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அவர் எங்களுக்கு அறிமுகமானது என் தங்கை அனந்தலக்ஷ்மியால். கரமனை அக்ரகாரத்தில் நான் இருக்கிற தெருவுக்கு அடுத்த தெருவிலேயே அவளைக் கொடுத்திருந்தோம். புருஷன் சாம்பசிவன் செக்ரடேரியட்டில் குமாஸ்தா. மாமியார் பகவதி அம்மாள். தெற்குத் தாலுகாக்கள் எந்த ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அனந்துவுக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. அம்மிக்குழவி லேசாக இடித்த இடத்தில் உள்ளங்கையளவு நீலம் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நாகேஸ்வரன் என்னையும் சாம்பசிவனையும் வராந்தாவுக்கு அழைத்துப் போய், ரத்தத்தில் புற்று என்றார்.

அவர் நல்ல மனிதர். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்தில், பழுக்காத வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகி மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. அதனால் உடம்பு வெளுக்கிறது, கிருமியை எதிர்க்க ஆளில்லை, ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கும் குறைந்துபோகிறது. பம்பாயிலிருந்து ஒரு புது மாத்திரை வருகிறது, கொடுத்துப் பார்க்கலாம், கேட்டால் கொஞ்ச காலம் அடங்கும் என்றார். அப்புறம்? அப்புறம் மறுபடியும் தலைதூக்கும். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு என்று சாம்பசிவன் கேட்டான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மாத்திரை கேட்டது. ஈறு உலர்ந்தது, காய்ச்சல் நின்றது, அனந்து எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். சாம்பசிவன் அப்போது கைகூப்பி ஒன்று கேட்டுக்கொண்டான்: அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லவேண்டாம், அவள் தாங்கமாட்டாள், ரத்தக்குறைவு என்றே இருக்கட்டும். டாக்டரும் சரி என்றார். ரத்னாபாயும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவர் பாடம் நடத்தியது எங்கள் இருவருக்கும்தான். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது ஆண்பிள்ளைகள். உமிக்கரியால் பல் தேய்க்கக்கூடாது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கவேண்டும். கோயில் தீர்த்தம் வாயில் படக்கூடாது. "சாமி கோவிச்சுக்கிடாது. நான் பேசிக்கிடுதேன்" என்றார். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால், வெளிக்குப் போகிறதில் கறுப்பு தெரிந்தால், சிறுநீர் சிவந்தால், அந்த நிமிஷமே ஆள் அனுப்பவேண்டும். இவ்வளவையும் கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாயும் வெள்ளியும், டூட்டிக்குப் போகிற வழியில் கரமனையில் பஸ்ஸை விட்டு இறங்கி அனந்துவின் வீட்டுக்கு வருவார். செருப்பை வாசலில் கழற்றி, கூடத்தில் நின்றபடியே அனந்துவைப் பார்ப்பார். பகவதி மாமி அவருக்கென்று எடுத்துவைத்த டம்ளரில் காப்பி கொடுப்பாள். "கடுங்காப்பி போதும்மா, பால் எனக்குப் பிடிக்காது" என்று வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே முற்றத்தில் கழுவிக் கவிழ்ப்பார். அவர் போன பிறகு மாமி கூடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைப்பாள். பஸ் வரத் தாமதமானால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் தெருமுனைவரை கேட்கும். ரத்னாபாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் காது கூசும். அதற்காக மாமியைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடக்கூடாது. மருமகளுக்கு வாய்க்குப் பிடித்ததைச் செய்துபோடுவதற்காகவே காலையில் கண் விழிக்கிறவள் அவள். ஆசாரம் வேறு, ஆசை வேறு. இரண்டும் அவளிடம் ஒரே அளவு இருந்தன.

பார்த்து முடித்ததும் ரத்னாபாய் டார்ச்சை இடுப்பில் செருகிக்கொள்வார். செவ்வாய் என்றால், "வெள்ளிக்கெழம வரைக்கும் பேடிக்காண்டாம்" என்பார், பயப்படவேண்டாம் என்று அர்த்தம். வெள்ளி என்றால், செவ்வாய் வரைக்கும். அதற்குமேல் ஒரு நாள்கூடத் தரமாட்டார். தீபாவளிக்குப் பட்சணம் செய்யலாமா என்று சாம்பசிவன் ஒரு தடவை சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தான். "எனக்க கண்ணு அவ்வளவு தூரம் எட்டாது சாரே" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கணிப்பை எப்படிப் போடுகிறார் என்று நான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். ஈறு, பொட்டு, நாடி எல்லாம் உண்டு. அதோடு வேறு சிலதும் உண்டு. தூங்கினாளா, தலையைத் தானே பின்னிக்கொண்டாளா, யாரோடாவது சண்டை போட்டாளா. "சண்டை போட்டா நல்லது. இந்தத் தீனக்காரி பேசாம மிண்டாம கெடந்தா தான் எனக்கு பேடி." அனந்து இதைத் தெரிந்துகொண்டு, அவர் வருகிற நாளில் வேண்டுமென்றே என்னோடு வம்புக்கு வருவாள். அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். அது பொய்ச் சண்டை, கணக்கில் சேராது என்று சொல்லிச் சிரித்தார். அதுவரை அவர் சொன்ன ஒரு வெள்ளிக்கிழமையும் பொய்த்ததில்லை. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஆபீசுக்குப் போனோம், சாப்பிட்டோம், படுத்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் வெள்ளி வரைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அங்கே போனபோது வீடெல்லாம் பாயச வாசனை. மாமி நெற்றி நிறையக் குங்குமத்தோடு கூடத்தில் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சத்தை நான் பார்த்து மாதக்கணக்காயிற்று. சாம்பசிவன் ஆபீசுக்குப் போய்விட்டான். கூடத்தில் அனந்து இல்லை. ரத்னாபாய் உள்ளே வந்து செருப்பைக் கழற்றி, தலையணையைத் தேடினார். மாமி அவரைத் தூணோரம் அழைத்து, நான் இருக்கிறேனே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். எனக்குக் கேட்கத்தான் செய்தது.

"அவ வெளியில இருக்கா. அஞ்சாறு மாசமா நின்னுபோயிருந்தது கேட்டேளா. புதன்கிழமை காலம்பற வந்துடுத்து. ஒடம்பு தேறியாச்சாக்கும். அதான் பகவானுக்கு ஒரு பாயசம்."

எங்கள் வீடுகளில் மாதத்தில் அந்த மூன்று நாளும் பெண்கள் பின்கட்டில், கிணற்றங்கரை அறையில் தனியாக இருப்பார்கள். பாய் தனி, தட்டு தனி. சாதத்தை நிலைப்படியில் வைத்துவிட்டு வருவார்கள். யாரும் தொடமாட்டார்கள், கிட்டே போய்ப் பார்க்கவும் மாட்டார்கள். ஆண்பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்கவே மாட்டோம். நோயோடு நின்றுபோனது திரும்பி வந்தால் நோய் போய்விட்டது என்றுதான் எந்த மாமியாரும் நினைப்பாள். அந்த மருமகளுக்கு என்ன வியாதி என்று அவளிடம் யாருமே சொல்லவில்லையே!

ரத்னாபாய் காப்பியை வாங்கவில்லை. அனந்துவை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டார். தொடக்கூடாதே, எப்படிப் பார்ப்பது என்றாள் மாமி. நேற்று ராத்திரி சாதம் வேண்டாம் என்றுவிட்டாள், இன்று காலை கூப்பிட்டதற்கு 'ம்' என்றாள், அசதியாக இருக்கும் என்றாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் குரல் இறங்கியது. எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து இறங்கியிருக்கவேண்டும்.

பின்கட்டுக்குப் போக அடுக்களையை ஒட்டிய நடைதான் வழி. வெளியார் கால் படாத இடம். மாமி தன்னையறியாமல் குறுக்கே வந்து நின்றாள். அந்த வழி கூடாது, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஏதோ சொன்னாள். ரத்னாபாய் குரலை உயர்த்தவில்லை. "அம்மா, மாறி நில்லுங்க. அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லே." மாமி நகர்ந்தாளோ, இவர் நகர்த்தினாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த நிமிஷம் பின்கட்டிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பிச்சுமணி சாரே, வாரும். வெக்கப்படாண்டாம், வாரும்."

அந்த அறையை நான் எழுதப்போவதில்லை. மூலையில் ஒரு வாளி, அதில் தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்த துணிகள், அது போதும். அனந்துவின் உதடு எது, கன்னம் எது என்று நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கண் திறந்திருந்தது. ரத்னாபாய் அவள் கால்களைத் தூக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டு, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமி அவ்வளவு சந்தோஷமா இருந்தாளே அண்ணா. அவகிட்ட போய் எப்படிச் சொல்றது?"

எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. எல்லார்மேலும் வந்தது. பாயசத்தின்மேல் வந்தது. தங்கையைப் பாயோடு வாரித் தூக்கினேன். கனமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நடையில் மாமி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். தொடவும் முடியாமல், விலகவும் முடியாமல், "நானும் வரேன், நானும் வரேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு ஆள் அனுப்ப ரத்னாபாய் சம்மதிக்கவில்லை. வண்டி வந்து சேருகிறவரை இவள் இருக்கவேண்டுமே என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். குள்ளமான அந்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நம்பமாட்டார்கள். நேமத்திலிருந்து கோட்டைக்குப் போகிற பஸ் ஒன்று பாலத்தை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் நின்று குடையை நீட்டினார். பஸ் அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, இது கோட்டையோடு திரும்புகிற ரூட்டு வண்டி, இதென்ன கூத்து என்று மலையாளத்தில் சத்தம் போட்டார். கண்டக்டர் சத்தியதாஸ் என்று ஒரு இளைஞன், அவனும் தெற்கத்திக்காரன். ஸ்டாப் இல்லாத இடத்தில் ஏற்றினால் தனக்கு மெமோ கிடைக்கும் என்றான். ரத்னாபாய் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"எனக்க பேரைச் செல்லு. நேமத்து ரத்னாபாய் ரோட்டில நிண்ணு வண்டியைப் பறிச்சிட்டாண்ணு எழுது. இப்பம் இறங்கி அந்தப் பிள்ளைக்க தலையைப் பிடி."

பிடித்தான். பின்சீட்டுக்காரர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த பஸ் எங்கும் நிற்கவில்லை. கிள்ளிப்பாலத்தில் கை காட்டியவர்கள் திட்டியது காதில் விழுந்தது. கோட்டையில் இறங்கவேண்டியவர்கள் ஒருவரும் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. ரத்னாபாய் தரையில் மண்டியிட்டு, அனந்துவின் காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, விரலை நாடியிலிருந்து எடுக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். "சண்டை போடு மக்ளே. அண்ணனை ரெண்டு திட்டு." அனந்து உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. முன்சீட்டில் பகவதி மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் ஓடிவந்தார். டாக்டர் நாகேஸ்வரன் வந்தார். ஐஸ்பெட்டியில் இருந்த ரத்த பாட்டில் ஒன்றை உடனே ஏற்றினார்கள். ஆனால் அது உடம்பை நிரப்புமே தவிரக் கசிவை நிறுத்தாது. உறைய வைக்கிற சரக்கு, அப்போதுதான் எடுத்த சூடான ரத்தத்தில்தான் உயிரோடு இருக்கும் என்றார் டாக்டர். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனேன். கண்ணாடித் துண்டில் என் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள். பால் திரிந்த மாதிரித் திட்டுத் திட்டாகப் பிரிந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவனுடைய ரத்தம் உதவவில்லை என்றால் வேறு யாருடையது உதவப்போகிறது? சாம்பசிவனுக்கு ஆள் போயிருந்தது, இன்னும் வந்துசேரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தாவிலேயே அழுதேன்.

பஸ் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. சத்தியதாஸ் மட்டும் உள்ளே வந்து, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். ரத்னாபாய் அவனுடைய தோல்பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவனுடையது சேர்ந்தது. கட்டிலில் படுக்கவைத்து ஊசியைப் போட்டபோது, ரத்தம் போனால் ஆண்மை குறையும் என்கிறார்களே சிஸ்டர் என்று அவன் கேட்டானாம். குறைந்தால் தானே வந்து பெண்வீட்டாரிடம் ஜவாப் சொல்வதாக இவர் வாக்குக் கொடுத்தாராம். அப்படியொரு நேரத்திலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் என்னைத் தாண்டிப் போனார். சிரிக்கத் தெம்பில்லாமல் நான் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் தாண்டிக் கசிவு குறைந்தது. சாயங்காலம் நின்றுவிட்டது என்றே சொன்னார்கள். அதற்குள் சாம்பசிவன் வந்திருந்தான். டாக்டர் நாகேஸ்வரன் மறுபடியும் எங்கள் இருவரையும் அதே வராந்தாவுக்கு அழைத்தார். அனந்துவின் ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் பழுக்காத அணுக்கள் திரும்ப வந்திருக்கின்றன என்றார். இன்று தப்பித்தாயிற்று, மாத்திரை இனிமேல் எவ்வளவு கேட்கும் என்று தெரியாது. ரத்னாபாய் அவருக்குப் பின்னால் தலை குனிந்து நின்றார். வெள்ளி வரைக்கும் என்று தான் கொடுத்த வாக்கு முதல் தடவையாகப் பொய்த்துப்போனதை அவர் யாரிடமும் சாக்குச் சொல்லி மழுப்பவில்லை. "மாசந்தோறும் வாற ரத்தமும் ஆபத்துண்ணு நான் அண்ணைக்கே செல்லியிருக்கணும். ஆம்பிளைகள் நிக்கினீங்களேண்ணு விட்டேன். எனக்க தப்பு" என்றார்.

வார்டு வாசல் பெஞ்சில் பகவதி மாமி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் திரும்பி வந்ததும் எழுந்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரத்னாபாயைத்தான் பார்த்தாள்.

"ரத்தக்குறைவுன்னேளே. உங்கள்ல ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கப்படாதா? நான் பாயசம் வச்சுண்டிருந்தேனே."

சாம்பசிவன் அம்மா என்று ஏதோ ஆரம்பித்தான். ரத்னாபாய் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "சாரே, ரெண்டு பேரும் வெளியெ நில்லுங்க" என்றார். மாமியை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு பாதிக்கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அவருக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. போன வாரம்கூடப் பார்த்தேன்: யாரையாவது வீட்டுக்கு அனுப்புகிற நாளில் ஆண்களை முதலில் வெளியேற்றிவிட்டு, அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, ஒன்று விடாமல் சொல்கிறார். டெபுடி கலெக்டராக இருந்தாலும் வெளியேதான் நிற்கவேண்டும்.

அன்றைக்கு அந்தக் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தால் தெரிந்தது; காதில் ஒன்றும் விழவில்லை. ரத்னாபாய் மெல்லப் பேசினார், வெகுநேரம் பேசினார். மாமி அழவில்லை. இடையில் ஒரு தடவை சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கடைசியில் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று நான் இன்றுவரை அவளிடம் விசாரித்ததில்லை. நாங்கள் எல்லோரும் கேட்டதைத்தான் அவளும் கேட்டிருப்பாள்.

அனந்து கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் ஒரு கை போர்வைக்கு வெளியே மல்லாந்து கிடந்தது. மாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, தன் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். இன்னும் மூன்றாம் நாள் கழியவில்லை. ரத்னாபாய் தலைப்பை விலக்கி, மாமியின் வலது கையைப் பிடித்து வெளியே எடுத்தார். அதை அனந்துவின் மணிக்கட்டில் வைத்து, தன் விரல்களாலும் அழுத்தி, நாடி இருக்கிற இடத்துக்கு மெதுவாக நகர்த்தினார். மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு கட்டத்தில் மாமியின் தலை லேசாக ஆடியது. துடிப்பு அவள் விரலில் தட்டிவிட்டது. அதன் பிறகு ரத்னாபாய் தன் விரல்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.